எம்டன் நாளில் பம்பாய் நீங்கிய கப்பல்கள்

தந்திரமும் துணிவும் மிக்க ஒருவனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வது தமிழ் மக்களின் வழக்கு. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மிடையேயும் அச்சொல் இன்றளவும் வழங்கிவருகிறது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எதிரே தோன்றியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டு எரித்தது. வந்த சுவடு தெரியாமல் இருளில் மறைந்தது. நகர மக்கள் திகிலுற்று ஊரைவிட்டு வெளியேறிய செய்தியை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்நாட்களில் மேலைக் கடற்கரையில், பம்பாய்த் துறைமுகத்தில், புறப்பட இயலாமல் காத்துக் கிடந்த கப்பல்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அக்கப்பல்களில் ஒரு பட்டாளம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கியிருந்தது. அதன் கதை வெற்றிக் கதை அன்று. ஆயினும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய நாம் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

அன்றைய பம்பாய் எவ்வாறு இருந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். இன்று வெளியூரார் வந்து வியந்து நோக்கும் 'இந்தியாவின் நுழைவாயில்' அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. அது 1924ஆம் ஆண்டில்தான் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் துறைமுகம் வளர்ந்துவிட்டது. பிரின்ஸ் கப்பல்துறையும் விக்டோரியா கப்பல்துறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்டன. இன்று இந்திரா கப்பல்துறை எனப்படும் அலெக்சாண்டிரா கப்பல்துறை போர் மூண்ட அதே 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தாராவியிலோ, மீனவர்களான கோலியரின் பழைய குடியிருப்பை அடுத்த சதுப்பு நிலத்தில், தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலித் தமிழர் வந்து சேர்ந்துகொண்டிருந்தனர். தமிழ் முஸ்லிம்கள் தொழுத பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டையும், தமிழர் எழுப்பிய விநாயகர் கோயில் 1913ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஆகவே அக்கப்பல்கள் புறப்பட்ட காலத்தில், துறைமுகத்திற்குச் சில மைல் தொலைவிலேயே ஒரு தமிழ்க் குடியிருப்பு கால்கொண்டிருந்தது. ஒரே சீமையின் மக்களில் ஒரு சாரார் பிழைப்பை நாடி இந்நகரில் நின்றனர். மற்றொரு சாரார் இந்நகரின் வழியாகக் கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்டனர்.

போர் தொடங்கிய ஆகஸ்டு மாதத்திலிருந்தே பம்பாயும் கராச்சியும் படைகளை ஏற்றியனுப்பும் வாயில்களாயின. முதலாவது படை பிரான்சு நாட்டிற்குச் சென்று, செப்டம்பர் 26ஆம் நாள் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. கிழக்காப்பிரிக்காவில் ஜெர்மானியர் வசமிருந்த நாட்டைக் கைப்பற்றுவதற்காக வேறொரு படை திரட்டப்பட்டது. 'பி' எழுத்தால் குறிக்கப்பட்ட அப்படையில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தனர். மேஜர் ஜெனரல் ஆர்தர் ஐட்கன் அதன் தலைவர். இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பட்டாளம் ஒன்று, ராஜபுத்திரர், காஷ்மீர் சமஸ்தானத்துத் துப்பாக்கிப் படையினர், குவாலியர்ப் படையினர் ஆகியோருடன் தென்னாட்டுப் பட்டாளங்கள் இரண்டும் அதில் இடம்பெற்றன. ஒன்று 61ஆம் பயனியர் பட்டாளம். சாலை அமைத்தல், அகழி வெட்டுதல் முதலிய வேலைகளில் பழகிய போர்வீரர்களைக் கொண்டது. மற்றொன்று 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை.

இப்பாளையங்கோட்டைப் படை மிகப் பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனி 1759ஆம் ஆண்டில் சென்னையில் திரட்டிய மூன்றாவது சிப்பாய்ப் பட்டாளமே இதன் மூலம். 1903ஆம் ஆண்டில் கிச்சனர் பிரபு இந்தியப் படைகளுக்கெல்லாம் புதிய எண்களை இட்டபோது, மூன்றோடு அறுபதைக் கூட்டி 63 ஆக்கினர். பெயரில் பாளையங்கோட்டை இருந்ததனால் படையிலிருந்த எல்லோரும் அவ்வூரார் என்று கொள்ளுதல் கூடாது. சென்னை மாகாணத்தின் முஸ்லிம்களும், தமிழ்ச் சாதியினரும், ஆதிதிராவிட மக்களும், கிறிஸ்தவர்களும் ஒருங்கே பணிபுரிந்த படை அது. இன்றைய தாராவியின் தமிழ்த் தெருக்களில் யார் யார் அடுத்தடுத்து வாழ்கின்றனரோ, ஏறக்குறைய அத்தகையோரே அன்று அப்பட்டாளத்தின் அணிகளிலும் அடுத்தடுத்து நின்றனர் என்று சொல்லலாம்.

இனி, அவர்களைச் சுமந்த கப்பல்களைப் பார்ப்போம். 'துருப்புக் கப்பல்' என்றவுடன் போருக்கென்றே கட்டப்பட்ட கலம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை அமைதிக் காலத்தில் சரக்கையும் பயணிகளையும் ஏற்றிச்சென்ற வணிகக் கப்பல்களே. அரசாங்கம் அவற்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். சரக்கு அறைகளில் பலகை அடித்து மனிதர் படுக்க இடம் செய்யப்படும். கோவேறு கழுதைகளுக்கும் குதிரைகளுக்கும் கொட்டில்கள் கட்டப்படும். சிப்பாய்களின் சமய, சாதி வழக்கங்களை முன்னிட்டுத் தனித்தனி அடுப்புகள் வைக்கப்படும். சரக்கிற்கென அமைந்த கீழ்த்தட்டில் காற்றோட்டம் குறைவு. குடிநீரோ அளந்து வழங்கப்படுவது. இத்தகைய கப்பல்கள் பதினான்கு இப்படைக்கு அமர்த்தப்பட்டன. பி. அண்டு ஓ. கம்பெனியின் 'கர்மாலா' என்னும் கப்பலில் தளபதியும் அவருடைய அலுவலரும் பயணம் செய்தனர்.

செப்டம்பர் மாத இறுதியில் வீரர்கள் கப்பலேறிவிட்டனர். ஆனால் கப்பல்கள் நகரவில்லை. வங்கக் கடலில் எம்டன் திரிந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கக் கரையோரத்தில் கோனிக்ஸ்பர்க் என்னும் மற்றொரு ஜெர்மானியக் கப்பல், செப்டம்பர் 20ஆம் நாள் சான்சிபார் துறைமுகத்தில் பிரிட்டிஷாரின் பெகாசஸ் என்னும் போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தது. பாதுகாவற் கப்பலின்றிப் படைகளைக் கடலுக்கு அனுப்பத் துணிவார் இல்லை. காவலுக்கு வேண்டிய போர்க்கப்பல்களோ போதவில்லை. ஆகவே இரண்டு வாரங்களுக்கு மேலாக, மழைக்காலம் முடிந்து வெக்கை மீண்டும் ஏறும் அக்டோபர் மாதத்தில், ஆயிரக்கணக்கான மனிதர் கரையைக் கண்ணால் கண்டபடியே கப்பலின் வயிற்றுக்குள் அடைபட்டுக் கிடந்தனர். சென்னை மக்களை ஓர் இரவு நடுங்கவைத்த எம்டன், பம்பாய்த் துறைமுகத்தில் தமிழ்ச் சிப்பாய்களைப் பல நாள் சிறைவைத்தது எனலாம்.

அக்டோபர் 16ஆம் நாள் அணி புறப்பட்டது. கப்பல்கள் கூட்டமாகச் செல்லும்போது மிக மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகமே கூட்டம் முழுவதற்கும் வேகமாகும். நடுவழியில் காவற்கப்பலான கோலியாத்தின் இயந்திரங்களும் பழுதுற்றன. கடலையே கண்டறியாத பலர் தலைசுற்றலாலும் வாந்தியாலும் துன்புற்றனர். ஏறிய நாள் முதலாகக் கணக்கிட்டால், இறங்குவதற்குள் ஒரு மாதத்திற்கு மேல் அவர்கள் கப்பலிலேயே வாழ்ந்திருந்தனர். ஓடவோ, அணிவகுத்து நடக்கவோ, துப்பாக்கிப் பயிற்சி செய்யவோ இடமில்லாத ஒரு மாதம் அது. மேலும், சில பட்டாளங்களுக்குப் புதிய மாதிரித் துப்பாக்கிகள் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் வழங்கப்பட்டிருந்தன. அவற்றைச் சுட்டுப் பழகும் வாய்ப்பும் போதிய அளவு கிட்டவில்லை.

அக்டோபர் 31ஆம் நாள் தளபதி மொம்பாசாவை அடைந்தார். அது பிரிட்டிஷார் கைவசமிருந்த துறைமுகம். வீரர்களைச் சில நாள் கரையிறக்கி இளைப்பாறச் செய்யலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அந்நாட்டின் காடுகளை நன்கறிந்த ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படையினரின் உதவியையும் வேண்டாமென்றார். எதிரி எண்ணிக்கையில் சிறியவன். இந்தியப் படை அவனை எளிதில் ஒடுக்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. இரகசியமும் காக்கப்படவில்லை. பம்பாய்க் கப்பல்துறையில் கிடந்த சரக்குப் பெட்டிகளின் மேலேயே படையின் பெயரும் மொம்பாசா என்னும் ஊரின் பெயரும் எழுதப்பட்டிருந்தன என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர்.

நவம்பர் 2ஆம் நாள், டாங்கா துறைமுகத்திற்குள் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நுழைந்தது. டாங்கா இன்றைய தான்சானியா நாட்டின் வட கரையில் உள்ள ஊர். போர் தொடங்கிய காலத்தில் அத்துறைமுகத்தைத் தாக்குவதில்லை என்று உள்ளூர் ஜெர்மானிய அதிகாரிகளோடு ஓர் உடன்பாடு செய்திருந்தனர். ஃபாக்ஸ் கப்பலின் தலைவர் அவ்வுடன்பாடு இனிச் செல்லாதென அறிவித்து, ஊரை ஒப்படைக்க ஒரு மணி நேரம் தவணை அளித்தார். அந்த ஒரு மணி நேரம் எதிரிக்கே பயன்பட்டது. ஜெர்மானிய அதிகாரி நழுவிச் சென்று தம் படைத்தலைவருக்குச் செய்தி அனுப்பினார். பிறகு கடலில் கண்ணிவெடிகள் இருக்குமோ என்று தேடுவதில் காலம் கழிந்தது. அவை ஒன்றும் இல்லை. ஜெர்மானியத் தளபதி லெட்டோ போர்பெக் உள்நாட்டிலிருந்த தம் படையை மோஷி ஊரிலிருந்து ரயில் மூலமாக விரைந்து கொண்டுவந்தார். அவர் கையில் இருந்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. அவர்களுட் பெரும்பாலோர் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள். ஆனால் அவர்கள் அந்நிலத்தில் பழகியவர்கள். நன்கு பயிற்சி பெற்றவர்கள். இயந்திரத் துப்பாக்கிகளைத் திறம்படக் கையாண்டவர்கள்.

ஊருக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், அன்றிரவே முதல் பிரிவு கரையிறங்கியது. ராஜபுத்திரப் படையினரும் 61ஆம் பயனியர்களும் மறுநாள் விடியலில் ஊரை நோக்கி முன்னேறினர். பலத்த இழப்போடு பின்வாங்க நேர்ந்தது. மற்றப் படைகள் இறங்கியபின், நவம்பர் 4ஆம் நாள் நண்பகலில் பெருந்தாக்குதல் தொடங்கிற்று. ரப்பர்த் தோட்டங்களும், கற்றாழை வகையைச் சேர்ந்த சிசல் நார்ப் பயிரும், அடர்ந்த புதரும் நிறைந்த நிலம், எதிரே பத்தடிக்கு அப்பால் இருப்பவனும் தெரியாத நிலை, உச்சி வெயில், தண்ணீர்த் தாகம். ஒரு மாதமாகக் கால்நீட்டி நடந்தறியாத வீரர்கள் நடக்கும்போதே சோர்ந்து வீழ்ந்தனர். இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கியபோது பாளையங்கோட்டைப் படையின் அணி குலைந்தது. பலர் கடற்கரையை நோக்கித் திரும்பினர். மரங்களில் கூடு கட்டியிருந்த காட்டுத் தேனீக்கள் துப்பாக்கி ஓசையால் வெகுண்டெழுந்து இரு தரப்பாரையும் கொட்டின. அதனாலேயே சிலர் இதனைத் தேனீப் போர் என்றும் அழைப்பர்.

காஷ்மீர வீரர்களும் லங்காஷயர் வீரர்களில் ஒரு பகுதியினரும் ஊருக்குள் நுழைந்து தெருக்களில் போரிட்டனர். இடப்புறத்தில் 101ஆம் கிரனேடியர் பட்டாளம் பெரும் உயிர்ச்சேதத்தோடு போராடியது. ஆயினும் ஊர் பிடிபடவில்லை. நவம்பர் 5ஆம் நாள் படை மீண்டும் கப்பல்களில் ஏறியது. இயந்திரத் துப்பாக்கிகளும், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும், பெருந்தொகையான தோட்டாக்களும் கரையிலேயே விடப்பட்டன. பிரிட்டிஷ் தரப்பில் மாண்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக எண்ணூறுக்கும் மேற்பட்டோர்; ஜெர்மானியத் தரப்பின் இழப்பு ஏறத்தாழ 150. நான்கு நாட்கள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், எம்டனும் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்றினால் அழிக்கப்பட்டது. தமிழில் எம்டன் ஒரு சொல்லாக வாழ்ந்தது. டாங்காவோ அவ்வாறு எவர் நாவிலும் நிலைக்கவில்லை.

தோல்விக்குப் பின்னர் பழி சுமத்தும் படலம் தொடங்கியது. தளபதி ஐட்கன் பதவி குறைக்கப்பட்டார் என்பது உண்மையே. ஆனால் தென்னாட்டுச் சிப்பாய்களின் மீது விழுந்த பழி அதனினும் நீண்டகாலம் நின்றது. 'சென்னை மாகாணத்தார் போருக்கு ஆகார்' என்ற கருத்துக்கு டாங்கா ஓர் எடுத்துக்காட்டாயிற்று. அப்படையில் உளவு அதிகாரியாக இருந்த மைனர்ட்சாகன் என்பார் அச்சிப்பாய்களை இகழ்ந்து எழுதியவை பிற்காலத்து நூல்கள் பலவற்றிலும் எடுத்தாளப்பட்டன. அவருடைய குறிப்புகளின் நம்பகத்தன்மையையே இக்கால ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர் என்பதும் நாம் அறியத்தக்கது.

இவ்விடத்தில் நாம் நடுநிலை தவறலாகாது. பாளையங்கோட்டைப் படையின் அணி குலைந்தது உண்மை. நம்மவர் என்பதற்காக அதை மறைப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. கப்பற்பயணத்தின் துன்பமே காரணம் என்று முடித்துவிடவும் இயலாது. ஏனெனில் அதே கப்பல்களில் வந்த காஷ்மீரத்தார் உறுதியாக நின்று போரிட்டனர். அப்படியானால் வேறுபாடு எங்கே இருந்தது? அதற்கு விடை காணப் பம்பாய்த் துறைமுகத்திற்கு முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1880களில் சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, வடமேற்கு நாட்டினரே போர்க்குணம் உடையவர் என்றும் தென்னாட்டினர் அதனை இழந்துவிட்டனர் என்றும் கொண்டார். 'போர்க்குடிகள்' என்னும் இக்கொள்கை அரசாங்கத்தின் நெறியாயிற்று. சென்னைப் பட்டாளங்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பதிலாகப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். எஞ்சியவை எல்லைப்புறப் போர்களின் அனுபவம் இல்லாமல் நெடுங்காலம் பாசறைகளிலேயே கழித்தன. ஊக்கமுள்ள இளம் அதிகாரிகள் வடநாட்டுப் படைகளை நாடிச் சென்றனர். ஒரு படைக்குப் பயிற்சியைக் குறைத்து, அனுபவத்தை மறுத்து, நல்ல ஆயுதத்தைக் கடைசியில் கொடுத்து, ஒரு மாதம் கப்பலில் அடைத்து, முன்பின் அறியாத காட்டில் இறக்கிவிட்டு, அது தோற்றவுடன் 'பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி' என்று கூறுவது எத்தகைய நியாயம்? அக்கப்பல்களில் வீரர்கள் ஏறுவதற்கு முன்பே அவர்களுடைய தோல்வியும் ஏற்றப்பட்டுவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அதே மாகாணத்தில், அதே மக்களிடையே ஆள் சேர்த்த சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படைக்குப் பயிற்சியும் கருவியும் குறைவின்றிக் கிடைத்தன. இரு உலகப் போர்களிலும் அதன் திறமையை எவரும் ஐயுற்றாரில்லை. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலி நாட்டின் மின்யானோ என்னுமிடத்தில், அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலையே போட்டுத் தோழர்களைக் காப்பாற்றி உயிர் துறந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. கடல்கடந்து சென்று வீழ்ந்த அத்தமிழரைப் போருக்கு ஆகாதவர் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 74,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. போருக்குப் பின் 1922இல் நடந்த மறுசீரமைப்போடு பாளையங்கோட்டை என்னும் பெயர் படை வரிசையிலிருந்து மறைந்தது. சென்னைக் காலாட்படைகள் 1920களின் இறுதிக்குள் முற்றிலும் கலைக்கப்பட்டன. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவை நெருக்கியபோது, 'போருக்கு ஆகார்' என்ற தீர்ப்பை அரசாங்கமே மறந்துவிட்டது. 1941ஆம் ஆண்டில் சென்னைப் படைப்பிரிவு மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் இராணுவத்தில் அது இன்றும் பெருமையோடு விளங்குகிறது.

டாங்காவில் மாண்ட இந்திய வீரர்களின் நினைவு என்னவாயிற்று என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க மக்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரையில் ஐரோப்பியருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேருடைய பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படாமற் போயின என்றும் அது கூறிற்று. இவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் சுமை தூக்கிய எளிய மக்கள். வென்றவருக்குச் சிலை எழும். தோற்ற படையின் சிப்பாய்க்குப் பெயரும் மிஞ்சுவது அரிது. ஒரு நூற்றாண்டு கழித்தேனும் அக்குறையை ஓர் ஆணையம் ஏற்றுக்கொண்டது நல்லதே.

எஞ்சிய பணி நம்முடையது. நெல்லைச் சீமையின் ஊர்கள் பலவற்றில் 'பட்டாளத்தார் வீடு' என்று வழங்கும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளின் பெட்டிகளில் பழைய பதக்கம் ஒன்றோ, சம்பளப் புத்தகம் ஒன்றோ, எழுத்து மங்கிய கடிதம் ஒன்றோ இன்னும் இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது முதியோரிடம் கேட்டுப் பெயரையும், பட்டாளத்தின் எண்ணையும், அவர் எந்தத் துறையில் கப்பலேறினார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்வோம். ஆணையத்தின் பதிவேட்டில் பெயரையும் பட்டாளத்தையும் கொண்டு எவரும் தேடிப் பார்க்கலாம். பிழைப்புக்காகப் பம்பாய்க்கு வந்தவர்களின் வரலாற்றைத் தாராவியின் கோயிலும் பள்ளிவாசலும் தோற்பட்டறையும் சொல்லும். பம்பாயைக் கப்பல் தட்டிலிருந்து மட்டுமே கண்டு, இந்நகரின் மண்ணில் ஓர் இரவும் உறங்காமல் கடலேறிப் போனவர்களின் வரலாற்றை நாம் சொன்னால்தான் உண்டு.